சாவி பாக்கெட்டில், விளக்கு ஹேண்டில்பாரில்

சாவி என் பாக்கெட்டில் இருக்கிறது. ஆனால் பைக்கின் ஹேண்டில்பாரில் யுஎஸ்பி சார்ஜரின் நீல விளக்கு எரிகிறது.

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக் பக்கத்துப் பலமாடி கார்பார்க். சீட்டைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்த அன்று பைக் ஏன் முனகிவிட்டு அடங்கியது என்று இப்போது புரிந்தது. பொருத்திக் கொடுத்தவர் சார்ஜரை நேரே பேட்டரியில் கட்டியிருக்கிறார்.

மல்டிமீட்டரில் பார்த்தால், சாவி இல்லாதபோதும் அது இழுப்பது வெறும் 20 மில்லியாம்பியர். 14 நாளுக்குக் கணக்குப் போட்டால் 6.7 ஆம்பியர் மணி. என் பேட்டரியே 7தான்!

சரி, இன்று பவர் மாட்யூல், அதாவது மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் சின்னப் பெட்டி. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக ஒரு தடித்த கம்பி. சார்ஜருக்கும் ஃபாக் லைட்டுக்கும் தனித்தனி ஃபியூஸ். அப்புறம், சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் பின்விளக்குக் கம்பியிலிருந்து நூல் மாதிரி ஒரு சிவப்புக் கம்பி.

டார்ச் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார்: “தம்பி, இந்த மெல்லிசு ஃபாக் லைட்டைத் தாங்குமா?”

“தாங்க வேண்டாம்ண்ணே. சாவி போட்டாச்சுன்னு பெட்டிக்குள்ள இருக்கற ரிலே சுவிட்சுக்குச் சொன்னா போதும். சுமக்கறது தடிச்சவன் வேலை.”

வீட்டில் எல்லாச் சுமையையும் நேரே பேட்டரியில் கட்டிவைத்திருக்கிறோமே, அதுவும் அம்மா என்கிற ஒரே பேட்டரியில். அது ஏனோ அப்போது நினைவுக்கு வந்தது.

சாவியைத் திருப்பினேன். டக். நீல விளக்கு.

அணைத்தேன். டக். இருட்டு.

“இன்னொரு தடவை போடு தம்பி,” என்றார் அண்ணன்.