ஃபாமென் கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை

டிக்கெட் கொடுத்த பெண் சொன்னதைக் கேட்டு அக்கா மகன் தலையைச் சொறிந்தான். “மாமா, இன்னைக்குத் தாதுவை, அதான் புத்தரோட எலும்பை, மேலே கொண்டுவர மாட்டாங்களாம். சனி, ஞாயிறு, அப்புறம் அவங்க சந்திர மாசத்துல முதல் நாளும் பதினஞ்சாம் நாளும்தானாம்.” நாங்கள் போனது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவது விசேஷம் என்று அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததே அக்காதான். கூட்டம் இருக்காது என்று அவனும் ஒத்துக்கொண்டுவிட்டான். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு, “சரி, கொடுத்து வைக்கலை. வந்தது வந்துட்டோம், நட” என்றாள்.

அவன் சீனாவில், சியான் நகரத்தில் மருத்துவம் படிக்கிறான். சியான்தான் அந்தக் காலத்து சாங்கான், டாங் வம்சத்தின் தலைநகரம். அங்கிருந்து மேற்கே பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போனால் ஃபூஃபெங் வட்டாரத்தில் ஃபாமென் கோயில். புத்தரின் விரல் எலும்பு ஒன்று இங்கே இருப்பதாக நம்பிக்கை. அசோகர் உலகமெங்கும் அனுப்பிய தாதுக்களில் ஒன்று இது என்பது தலபுராணம். 618 முதல் 907 வரை ஆண்ட டாங் பேரரசர்கள் இதைக் குலதெய்வம் போலக் கொண்டாடினார்கள். முப்பது வருடத்துக்கு ஒருமுறை பெட்டகத்தைத் திறந்தால் விளைச்சல் பெருகும், நாடு அமைதியாக இருக்கும் என்று நம்பி, தாதுவைத் தலைநகருக்கு ஊர்வலமாக எடுத்துப்போய், அரண்மனையில் வைத்து வணங்கித் திருப்பி அனுப்புவார்கள்.

நுழைந்ததும் கண்ணில் படுவது பழைய கோயில் அல்ல. கூப்பிய இரண்டு கைகளைப் போல 148 மீட்டர் உயரத்துக்கு எழுப்பிய புதுக் கட்டடம். 2009இல் திறந்தது. அந்தக் கட்டடம் வரை ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் அகலப் பாதை, இருபுறமும் பொன்னிறச் சிலைகள். எனக்கு அது விமான நிலையத்தை நினைவுபடுத்தியது. கும்பிடத்தான் கும்பிட்டேன், மனம் ஒட்டவில்லை. தாதுவை மேலே ஏற்றி வைக்கும் இடம் அங்கேதான். அன்று அது வெறுமையாக இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பழைய கோயிலுக்குள் வந்த பிறகுதான் கோயிலுக்கு வந்த உணர்வே வந்தது. ஊதுபத்திப் புகை, முழந்தாளிட்டு வணங்கும் கிழவிகள், நடுவே செங்கல் கோபுரம். இந்தக் கோபுரம் பார்க்கப் பழையது, ஆனால் வயது அதிகமில்லை. இதற்கு முன் நின்ற, பிற்கால மிங் வம்சத்துக் கோபுரம் 1981 ஆகஸ்ட் மழையில் நெட்டுக்குத்தாகப் பிளந்து, ஒரு பாதி சரிந்து, மறுபாதி நின்றது. திரும்பக் கட்டுவதற்காக 1987 ஏப்ரலில் அடித்தளத்தைச் சுத்தம் செய்தபோதுதான் கீழே நிலவறை இருப்பது தெரிந்தது. 874இல் மூடிய கதவு. 1,113 வருடம் யாரும் திறக்கவில்லை. முதல் விரல் எலும்பு வெளிப்பட்டது மே 5ஆம் தேதி. சீனப் பஞ்சாங்கப்படி அன்று புத்தர் பிறந்த நாள்.

கீழே இறங்கி அந்தக் கல் அறைகளைப் பார்த்தோம். முழு நீளமும் 21 மீட்டர்தான். ஒரு பேரரசின் பக்தி முழுவதும் இந்த இடுக்குக்குள் அடங்கிக் கிடந்திருக்கிறது. உள்ளே கிடைத்தது ஒரு எலும்பு அல்ல, நான்கு. அதில் மூன்று போலி. போலி என்று சொல்வதுகூடத் தப்பு, ‘நிழல் எலும்பு’ என்கிறார்கள். எட்டடுக்குப் பெட்டிக்குள் ராஜ மரியாதையோடு இருந்தது நிழல். உண்மையானது என்று கருதப்படுவது, பின்னறைத் தரைக்கடியில் ஒரு ரகசிய மாடத்தில், துருப்பிடித்த இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. அதற்குள் வெள்ளிப் பெட்டி, பிறகு சந்தனம், பிறகு படிகம், கடைசியில் ஜேட் கல். அந்த வெள்ளிப் பெட்டியில் 45 உருவங்களை, வஜ்ரயானம் என்ற தாந்திரிக பௌத்தத்தின் மண்டல முறைப்படி செதுக்கியிருக்கிறார்கள். இந்த வழிபாட்டு முறையை டாங் தலைநகரில் வேரூன்றச் செய்தவர்கள் வஜ்ரபோதியும் அவர் சீடர் அமோகவஜ்ரரும். வஜ்ரபோதி காஞ்சிப் பல்லவர்களோடு தொடர்புடையவர், 720 வாக்கில் கடல் வழியாகச் சீனா போய்ச் சேர்ந்தவர். அக்காவிடம் சொன்னேன். “அப்ப நம்ம ஊர்க்காரர் காட்டின வழின்னு சொல்லு” என்று அவள் பங்குக்குச் சொந்தம் கொண்டாடிக்கொண்டாள்.

எதற்கு இத்தனை நிழல்கள்? 845இல் வூட்சோங் பேரரசர் பௌத்தத்தை ஒழிக்கக் கிளம்பினார். 4,600க்கும் மேற்பட்ட மடங்கள் இடிபட்டன, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட துறவிகள் காவியைக் கழற்ற வேண்டியதாயிற்று. இந்தத் தாதுவையும் உடைக்க உத்தரவு. உடைத்தார்கள், நிழலை. அரசர் ஆணைக்குக் கணக்குக் காட்ட நிழல் எலும்பை உடைத்ததாக, நிலவறையிலேயே கிடைத்த கல்வெட்டு ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. அரசாங்கத்தை ஏமாற்றியதைக் கல்லில் வெட்டி வைத்த துணிச்சல் எனக்குப் பிடித்திருந்தது.

எதிர்ப்பு அரசனிடமிருந்து மட்டும் வரவில்லை. 819இல் ஊர்வலம் வந்தபோது ஹான் யூ என்ற அறிஞர், ஒரு காய்ந்த எலும்பை அரண்மனைக்குள் கொண்டுவருவதா என்று மன்னருக்கே மனு எழுதினார். ஜனங்கள் பக்தி முற்றி விரலையும் உச்சந்தலையையும் சுட்டுக்கொள்வதையும் சுட்டிக்காட்டினார். தலை தப்பியது, தெற்கே சாவ்சோவுக்குத் துரத்தினார்கள். பக்தன்தான் நான், ஆனாலும் அவர் கேட்டதில் பாதி நியாயம் இருப்பதாகவே படுகிறது. 873இல் கடைசியாக ஊர்வலம் வந்தபோது ஒரு படைவீரன் தாதுவின் முன்னால் தன் இடது கையை வெட்டிக்கொண்டதாகப் பதிவு உண்டு. பேரரசர் யீட்சோங் கோட்டை வாசலில் நின்று அழுதிருக்கிறார். இதை உயிரோடு பார்த்துவிட்டால் செத்தாலும் பரவாயில்லை என்று முன்பே சொல்லியிருந்தார். அப்படியே ஆயிற்று. அதே வருடம் இறந்துபோனார்.

கோபுரத்தடியில் இன்னொன்றும் கேட்டோம். கலாச்சாரப் புரட்சியின்போது, 1966இல், மாவோவின் இளைஞர் படையான செங்காவலர்கள் கோபுரத்தை நோண்ட வந்தார்கள். லியாங்சிங் என்ற துறவி அவர்கள் எதிரிலேயே தீக்குளித்தார். தோண்டுவது நின்றது. கீழே இருந்தது அப்படியே இருந்தது. அக்கா மகன் இதை மொழிபெயர்த்து முடித்ததும் நாங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அக்கா அந்த இடத்தில் விழுந்து கும்பிட்டாள். பக்கத்திலிருந்த சீனக் கிழவி ஒருத்தி அவளைக் கைத்தாங்கலாக எழுப்பிவிட்டாள்.

பிறகு பக்கத்திலிருக்கும் அருங்காட்சியகம். நிலவறையில் என்னென்ன வைத்தார்கள் என்ற பட்டியலும் கல்லிலேயே வெட்டியிருக்கிறது, நம் கோயில் நகைப் பட்டியல் போல. அதில் ‘ரகசிய நிறப் பீங்கான்’ என்று ஏழு கிண்ணம், ஆறு தட்டு. இது எப்படிப்பட்டது என்று தெரியாமல் அறிஞர்கள் நெடுங்காலம் குழம்பியிருக்கிறார்கள். பட்டியலையும் பாத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் விடை கிடைத்தது. இளம்பச்சை. காலியாக இருக்கும்போதே உள்ளே தண்ணீர் நிற்பது போலத் தெரிகிறது. அப்புறம் ஒரு தேநீர் செட், பொடிக்கும் உருளை, சல்லடை எல்லாம் பொன்முலாம் பூசிய வெள்ளி. யீட்சோங்குக்குப் பின் பன்னிரண்டு வயதில் அரியணை ஏறிய ஷீட்சோங்கினுடையது. ‘ஐந்தாம் அண்ணன்’ என்ற அவன் செல்லப்பெயரை அதில் கீறியிருக்கிறார்கள். தாதுவைத் திருப்பி அனுப்பி நிலவறையை மூட வைத்தவனும் அந்தப் பையன்தான்.

அக்கா இதையெல்லாம் தாண்டிப்போய் ஒரு கண்ணாடிப் பெட்டி முன் நின்றுவிட்டாள். சிவப்புப் பட்டில் பொன்சரிகை வேலை செய்த குட்டிக் குட்டி உடைகள். அரைக்கைச் சட்டை, பாவாடை, காவி. சட்டையின் நீளம் ஆறரை சென்டிமீட்டர். தாதுவை ஏந்தி முழந்தாளிட்டிருக்கும் வெள்ளி போதிசத்துவர் (புத்தராகப் போகிறவர்) சிலைக்குச் சாத்துவதற்காகத் தைத்தவையாம். வூ சேதியான் பேரரசி கொடுத்த பெரிய பாவாடையும் பட்டியலில் உண்டு. ஆனால் அக்காவுக்கு இதுதான்.

வீட்டில் தவழும் கிருஷ்ணன் ஒருவன் இருக்கிறான். கோகுலாஷ்டமிக்கு ரவிக்கைத் துணியில் மிஞ்சியதை வெட்டி அவனுக்குச் சட்டை தைப்பாள். கண்ணாடிக்கு இப்பால் விரலை விரித்து அளந்தாள்.

“தம்பி, ஒரு கையிலேர்ந்து மறு கை வரைக்கும் ஒரு சாண்கூட இல்லை. மடிப்புத் தையலைப் பாரு. ஊசி எவ்வளவு சின்னதா இருந்திருக்கணும்?”

அக்கா மகன் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றான். “இரு, கழுத்துப் பட்டி எப்படி வச்சிருக்காங்கன்னு பார்த்துக்கறேன்” என்று கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டாள்.