மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம்

பஞ்சர் கடையில் கழற்றி வைத்திருந்த இரண்டு சக்கரங்களும் டயரோடு டயர் உரசி நின்றன. ஒன்றைச் சும்மா சுற்றிவிட்டேன். மற்றது எதிர்ப்பக்கமாகச் சுழன்றது.

அவ்வளவுதான், மனசு அங்கேயே நின்றுவிட்டது.

சாதாரண ஒற்றைச் சக்கர சைக்கிளில் செயின் கிடையாது. பெடல் அச்சிலேயே இருக்கும். பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று. முன்னால் சாய்ந்தால் முன்னால் மிதித்துச் சக்கரத்தை உடம்புக்கு அடியில் கொண்டுவர வேண்டும்.

சரி, அந்தச் சக்கரத்துக்குக் கீழே இன்னொன்றை உரச வைத்தால்? முன்னால் மிதித்தால் வண்டி பின்னால் போகும்! விழப்போகும் நொடியில் கால் தன் பழக்கத்துக்கு நேரெதிராக மிதிக்க வேண்டும். நினைக்கும்போதே முழங்கால் கூசுகிறது.

மூன்றாவது ஒன்றையும் சேர்த்தால் திசை மறுபடி நேராகிவிடும். உயரம் கூடுமே என்று பயப்பட வேண்டாம். உள்ளங்கையில் பென்சிலைவிட நீளக் கம்பை நிறுத்துவது எளிது. உயரமானது மெதுவாகத்தான் சாயும்.

இப்படி அடுக்கிச் செய்து ஓட்டுகிறவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள்.

கடைக்கார அண்ணனிடம் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு, மூன்றாவது சக்கரம் ஒன்றை எடுத்து வந்து உரச வைத்தார்.