டிக் எடுத்த ஃபைல்

கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர் எழுதும் எங்கள் டீமில் இருக்கும் பெண், "இதையும் சேர்த்துப் போட்டுடவா அண்ணா?" என்றுதான் கேட்டார். "வேண்டாம்மா, அந்த டிக்கை மட்டும் எடுத்துடு. அப்புறம் பார்த்துக்கலாம்" என்றேன். பேச்சு அவ்வளவுதான். இதில் தப்பாக ஒன்றும் இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனாலும் மனசு அதையே சுற்றிச் சுற்றி வருகிறது.

கோட் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் டார்ட்டாய்ஸ்எஸ்விஎன்னில் கமிட் கொடுத்தால், அதாவது மாற்றங்களைப் பொதுச் சேமிப்பில் பதியப் போனால், கை வைத்த ஃபைல் எல்லாம் டிக்கோடுதான் வந்து நிற்கும். புதிதாக உருவாக்கி இன்னும் ஆட் செய்யாதவைதான் டிக் இல்லாமல் வரும். ஆக அங்கே நமக்கு வேலை சேர்ப்பதில் இல்லை, எடுப்பதில்தான். அவர் பட்டியலில் டிஸ்கவுண்ட் பிரிண்ட் ஆகாத பிழைக்கான (பக்) ஃபைல்கள் இருந்தன. அவர் மெஷினின் டேட்டாபேஸ் விவரம் போட்ட கான்ஃபிக் ஃபைல், கமிட்டில் சேராதவற்றை ஒதுக்கி வைக்கும் இக்னோர்-ஆன்-கமிட் சேஞ்ச்லிஸ்டில் டிக் இல்லாமல் தனியாக நின்றது. அதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். மிச்சம் இருந்தது வரி கணக்கிடும் ஃபைல். டபுள் கிளிக் செய்து டிஃப், அதாவது பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம், பார்த்தேன். கோடில் ஒரே ஒரு லைன் மாறியிருந்தது.

நாங்கள் கோட் எழுதும் டாட்நெட்டில், எண்ணை ரவுண்ட் செய்யும் மேத்.ரவுண்டை அப்படியே விட்டால், சரிபாதியில் நிற்கும் எண்ணை இரட்டைப்படைப் பக்கம் தள்ளிவிடும். 85 ரூபாய்ப் பொருளுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி என்றால், அதில் பாதியான சிஜிஎஸ்டி 2.125, எஸ்ஜிஎஸ்டியும் அதே. பில்லில் இரண்டும் 2.12 என்று விழும். கடைக்காரர் கணக்கில் அது 2.13. டீம் பெண் அங்கே, சரிபாதியை மேலே தள்ளும் 'அவே ஃப்ரம் ஜீரோ' சேர்த்திருந்தார். யாரும் கேட்கவில்லை, வேலையைப் பதிந்து கொடுக்கும் டிக்கெட்டும் இல்லை. வேறு எதையோ தேடப் போனவர் கண்ணில் பட்டிருக்கிறது.

நான் ஏன் வேண்டாம் என்றேன்? டிக் விழுந்தது எல்லாம் ஒரே ரிவிஷன் நம்பரில் போகும். அந்த ரிவிஷனை வெளியே கொடுக்கும் கோட் இருக்கும் ரிலீஸ் பிராஞ்சுக்கு மெர்ஜ் செய்தால், அதாவது கொண்டுபோய்ச் சேர்த்தால், டிஸ்கவுண்டோடு ரவுண்டிங்கும் ஒட்டிக்கொண்டு போகும். போன மாத பில்லை மறுபடி பிரிண்ட் எடுத்தால் பைசா மாறும். அதற்குள் ரிட்டர்னும் தாக்கல் செய்திருப்பார்கள். எல்லாமே நியாயமான காரணங்கள். ஆனால் அந்த பழைய பில் காரணம் அன்றைக்கே தோன்றியதா, இல்லை பிற்பாடு எனக்கு நானே வாதாடும்போது சேர்ந்துகொண்டதா என்பதில்தான் தடுமாறுகிறேன். அன்றைக்கு டெஸ்டிங் முடிந்திருந்தது, எல்லோரும் கிளம்பும் நேரம். அதுவும் உண்மை. அந்த ஒரு ஃபைலைத் தனி கமிட்டாக, பொதுவான மெயின் கோட் இருக்கும் ட்ரங்கில் போடு, ரிலீஸுக்கு மெர்ஜ் செய்ய வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு அதிக நேரமும் ஆகியிருக்காது. சரி, டெஸ்ட் செய்யாததை ட்ரங்கில் போடச் சொல்லும் லீடும் நல்ல லீட் இல்லையே.

அடுத்த வாரம் கேட்டேன், "அந்த ரவுண்டிங் மாத்தினியே, என்னாச்சு?"

"அது ரிவர்ட் பண்ணிட்டேன் அண்ணா. ரெட் காட்டிட்டே இருந்துச்சு."

கமிட் முடிந்த பிறகும் அந்த ஃபைல் மேல், மாற்றம் இருப்பதைக் காட்டும் சிவப்பு ஆச்சரியக்குறி போகவில்லை, பச்சை வரட்டும் என்று ரிவர்ட் கொடுத்து, செய்த மாற்றத்தையே நீக்கியிருக்கிறார். ரிவர்ட் செய்த ஃபைலை டார்ட்டாய்ஸ் ரீசைக்கிள் பின்னில்தான் போடும் என்றேன். அதையும் காலி செய்துவிட்டாராம். "பரவாயில்லம்மா, ஒரு லைன்தானே, திரும்பப் போட்டுடு" என்றேன்.

"டிக்கெட் வரட்டும் அண்ணா, பண்ணிடறேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாகப் போயிருக்கும்.

டார்ட்டாய்ஸுக்குப் பதில் கிட் இருந்திருந்தால், மாற்றத்தைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கும் ஸ்டாஷில் வைத்திருக்கலாம் என்று பக்கத்து சீட் நண்பர் சொன்னார். வைத்திருக்கலாம்தான். ஆனால் கிட்டோடு வேலை செய்யும் விஎஸ் கோட் எடிட்டரில் பாருங்கள், ஃபைலை கமிட்டுக்குச் சேர்க்கும் (ஸ்டேஜ்) பிளஸ் பட்டனை ஒட்டியே, மாற்றத்தை நீக்கிவிடும் டிஸ்கார்ட் அம்பும் நிற்கிறது. நண்பர் இதைச் சிரித்தே தள்ளிவிட்டார். சேஞ்ச்லிஸ்ட் ஒன்று போட்டு அந்த ஃபைலை ஒதுக்கி வைக்கச் சொல்லியிருக்கலாமே என்று நானே கேட்டுக்கொள்வதுண்டு. ஆனால் அப்படி ஒதுக்கி வைத்து, மாதக்கணக்கில் யாரும் திரும்பிப் பார்க்காத ஃபைல்களையும் நிறையப் பார்த்தாயிற்று.

கடைசியில் டிக்கெட்டை நானே போட்டு அவர் பெயருக்கே அனுப்பினேன். பழைய பில்களுக்குப் பழைய ரவுண்டிங்கே இருக்கும்படி தேதியை வைத்துப் பிரித்து, சுத்தமாகச் செய்து கொடுத்தார். கமிட்டில் ஒரே ஒரு ஃபைல், மெசேஜில் டிக்கெட் நம்பர். டிஃப் முழுக்கப் பார்த்தேன். அவர் தொட்ட லைனுக்குச் சற்றுக் கீழேயே ரவுண்ட் ஆஃப் தொகையிலும் அதே பழைய மேத்.ரவுண்ட்தான் இருந்தது. அவர் கண்ணில் படாமல் இருந்திருக்காது. டிக்கெட்டில் அது இல்லை. அதற்கும் ஒரு டிக்கெட் போட்டேன், இந்த முறை வேறொருவர் பெயருக்கு. ஏன் வேறொருவர் என்று யாராவது கேட்டால், வேலைப் பளு என்று சொல்லலாம் என்றிருக்கிறேன்.