அம்மா வைத்த நேர்த்தி

வெள்ளிக்கிழமை என்றால் நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் படகேறும் குறிகட்டுவான் இறங்குதுறையில் சனம் நிறைந்திருக்கும். 5 மாத மகளை நெஞ்சோடு அணைத்தபடி இவர் முன்னே ஏறிவிட்டார். நான் படியிலேயே நின்றுவிட்டேன். லோஞ்ச் ஏறி இறங்கி ஆடுகிறது. காலை எட்டி வைத்தால் வெட்டிய இடம் இன்னும் சுள்ளென்று இழுக்கும். "அவசரப்படாதை பிள்ளை, அலை தாழட்டும்" என்றார் பின்னால் நின்ற அம்மா. உள்ளேயிருந்து ஒரு தம்பி கை நீட்டினான், பிடித்துக்கொண்டு ஏறினேன்.

கால் மணி நேரக் கடல்தான். தூரத்தில் கோபுரம் தெரிந்ததும் எல்லோரும் கைகூப்பினார்கள். நான் குனிந்து என் கால்களைப் பார்த்தேன். கணுக்கால் எலும்பு தெரிந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் கண் கலங்கும்.

33 ஆவது வாரத்தில் அந்த எலும்பைக் காணவில்லை. கொலுசு இறுகி, கழற்றி வைத்தேன். மோதிரம் சவர்க்காரம் போட்டும் வரவில்லை. "பிள்ளைத்தாச்சிக்குக் கால் வீங்கும்தானே" என்றார்கள், நானும் நம்பினேன். பிறகு தலையிடி. ஓரிடத்தில் காட்டியபோது பிறஷர் பார்க்காமலே பனடோல் தந்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் கண்ணுக்கு முன்னால் மின்மினி பறப்பதுபோல் இருந்தது. வலது விலா எலும்புக்குக் கீழே பிடித்து முறுக்கியது. வாயு என்று நினைத்து இஞ்சித் தண்ணீர் குடித்தேன். அந்த மூன்று நாளை நினைத்தால் இன்றைக்கும் மனம் பதறுகிறது. இதில் எந்த ஒன்று வந்தாலும் அன்றைக்கே பிறஷரும் சிறுநீரும் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. இப்போது தெரிந்த பெண் யார் கர்ப்பம் என்றாலும் நலம் விசாரிக்கும் முன்னரே இதைத்தான் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் பிறஷர் 170/110. சிறுநீரில் புரதம். பிரீஎக்லாம்ப்சியா என்றார்கள், கர்ப்பத்தில் பிறஷர் ஏறி வரும் நோய். ஏற்றிய மக்னீசியம் சல்பேற் உடம்பெல்லாம் நெருப்பாய் ஓடியது, அது வலிப்பு வராமல் தடுக்கும் மருந்து. பிள்ளையின் சுவாசப்பை முதிர எனக்கு ஊசி போட்டார்கள். ஆனால் காத்திருக்க முடியவில்லை. இந்த நோய் தணியத் தொடங்க வேண்டுமென்றால் பிள்ளையும், நஞ்சுக்கொடி என்கிற இளங்கொடியும் வெளியே வரவேண்டும். அன்றிரவே சிசேரியன். அப்புறம் இரத்தப்போக்கு. அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. அவசர சிகிச்சைப் பிரிவில் கண் திறந்தபோது இரண்டு நாள் போயிருந்தது. 1 கிலோ 650 கிராமில் பிறந்த மகளை ஐந்தாம் நாள்தான் பார்த்தேன். தாதி மிஸ்ஸி அவளை என் வெறும் நெஞ்சில் வைத்து, மேலே துணி சுற்றினார். ஒரு கோழிக்குஞ்சின் சூடு.

துடக்குக் கழிந்ததும் கோயிலுக்குப் போவோம் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். முப்பத்தொன்று கழிந்தும் எனக்குப் பிறஷர் இறங்கவில்லை, மாத்திரை நிற்கவில்லை. அதனால்தான் இத்தனை மாதம்.

நயினாதீவு சக்தி பீடங்களில் ஒன்று. தேவியின் சிலம்பு விழுந்த இடம் என்பார்கள். சின்ன வயதில் கேட்டபோது வெறும் கதை. அன்று வெறுங்காலோடு கல் பாவிய வீதியைச் சுற்றும்போது, கழற்றி வைத்த என் கொலுசு நினைவுக்கு வந்து நடக்க முடியாமல் தூணைப் பிடித்து நின்றேன். அம்மன் தன் சிலம்பை விட்ட இடத்துக்கு என் கால்களோடு வந்துவிட்டேன் என்று மட்டும் தோன்றியது.

அம்மாவின் நேர்த்தி, பிள்ளையை அம்மனுக்குக் கொடுத்துவிட்டு விலைக்கு வாங்குவது. எங்கள் பக்கத்தில் வழமைதான். மகளுக்குப் புதுச்சட்டை போட்டிருந்தோம். ஐயர் கையை நீட்டி, "குழந்தையைத் தாங்கோ அம்மா" என்றார்.

அம்மா அசையவில்லை. "ஐயா, பேத்திக்கும் செய்வம். நான் நேர்ந்தது இவளுக்கு" என்று என் தோளில் கை வைத்தார். "அண்டைக்கு வாசலிலை நிண்டு என்ர பிள்ளையைத் தா தாயே எண்டுதான் கேட்டனான்."

இத்தனை மாதமாக அந்தப் பிள்ளை என் மகள் என்றே நினைத்திருந்தேன். எல்லோரும் அவளின் நிறையைக் கேட்டார்கள், பால் குடிக்கிறாளா என்று கேட்டார்கள். நானும் அவளுக்காகத்தான் நன்றி சொல்ல வந்தேன். எனக்காக ஒருத்தி ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதிருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது.

ஐயர் ஒன்றும் சொல்லவில்லை. என்னைச் சந்நிதிக்கு நேரே இருக்கச் சொன்னார். நெற்றியில் குங்குமம் வைத்து, அம்மன் பாதத்து மாலையைக் கழுத்தில் போட்டார். அம்மா சேலைத் தலைப்பில் முடிந்திருந்த காசை அவிழ்த்து உண்டியலில் போட்டு, 31 வயதான என்னைக் கையைப் பிடித்து எழுப்பினார். அதற்குப் பிறகுதான் மகளின் முறை. அவள் மாலைப் பூவைப் பிய்த்து வாயில் வைக்கப் பார்த்தாள்.

மத்தியானம் அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம். மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்பது எங்கள் நம்பிக்கை. அம்மா பந்தியில் இருக்காமல் எனக்குப் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் போடுங்கோ, இவளுக்கு" என்று பரிமாறுபவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

திரும்பும் படகில் விபூதிப் பொட்டலத்தைக் கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்தேன். திங்கட்கிழமை பிறஷர் பார்க்கப் போகவேண்டும்.