டிஸ்சார்ஜ் சீட்டில் குழந்தை எத்தனை வாரத்தில் பிறந்தது என்று எழுதியிருக்கிறதா, முதலில் பாருங்கள்

என் மகள் குறைமாதத்தில், 29 வாரத்திலேயே பிறந்தாள். எடை 1,140 கிராம். என்.ஐ.சி.யூ. (பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு), கண் பரிசோதனை, காது பரிசோதனை எல்லாம் முடிந்து நல்லபடியாக வீட்டுக்கு வந்துவிட்டோம். அலைச்சல் அதற்கப்புறம்தான் தொடங்கியது.

ஆறு மாதம் ஆனபோது ஊரில் எடை போட்டார்கள். 5 கிலோ. அட்டையில் இருக்கும் வளர்ச்சிக் கோட்டில் புள்ளி நேராகச் சிவப்பில் போய் உட்கார்ந்தது. "ஏம்மா, பிள்ளைக்குப் பால் பத்துதா இல்லையா? இன்னும் குப்புறக்கூட விழலையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்கள். குறைமாதக் குழந்தை என்றேன். "அதெல்லாம் அப்போ. இப்போ ஆறு மாசம் ஆச்சுல்ல?" என்று பதில் வந்தது. என் மாமியார் அன்று இரவு சாப்பிடவே இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போகச் சொன்னார்கள். குழந்தையின் வளர்ச்சியில் குறை இருந்தால் சீக்கிரமே கண்டுபிடித்துச் சிகிச்சை தரும் இடம் அது. டி.இ.ஐ.சி. என்று கேட்டால் வழி காட்டுவார்கள். குழந்தை மருத்துவர், பிசியோதெரபி எல்லாம் அங்கேயே உண்டு, பணம் கட்டத் தேவையில்லை. ஆனால் சீட்டு போடும் இடத்திலேயே மாட்டிக்கொண்டேன். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ப்ரீடெர்ம்' (குறைமாதம்) என்று மட்டும் இருந்தது, எத்தனை வாரம் என்று எங்கேயும் இல்லை. "பிறந்த இடத்துல எழுதி வாங்கிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிறந்த இடத்துக்குப் போனால் ரெக்கார்டு ரூமில் ஆள் இல்லை. அப்புறம் வந்தவர் மனு எழுதிக் கொடுங்கள், டாக்டர் லீவு, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். கைக்குழந்தையோடு வெயிலில் பஸ் மாறி வந்தவளிடம் இவ்வளவுதான் சொன்னார்.

கடைசியில் காப்பாற்றியது, கர்ப்பமான முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட். பிரசவ வாரத்தைக் கணக்குப் போட அதுதான் ரொம்ப நம்பகமானது. தயவுசெய்து அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதைக் காட்டியதும் டாக்டர் நிறைமாதக் கணக்கான 40 வாரத்தில் 29 போக 11 என்று ஓரத்தில் எழுதினார். மகளுக்கு அப்போது 26 வாரம். அதில் 11 கழித்தால் 15 வாரம், அதாவது மூன்றரை மாதம். அதே 5 கிலோவை மூன்றரை மாதத்துக்கு நேரே குறித்தார். புள்ளி பச்சையில் விழுந்தது! மூன்றரை மாதத்தில் எல்லாக் குழந்தையும் குப்புற விழுந்துவிடுமா? அங்கேயே அழுதுவிட்டேன். இரண்டு வயதுவரை வளர்ச்சியை இப்படித்தான் பார்க்க வேண்டுமாம்.

தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் கிடையாது. அதைப் பிறந்த தேதிப்படியே போட வேண்டும். யாராவது "குறைமாதம்தானே, தள்ளிப் போடலாம்" என்றால் டாக்டரிடம் கேட்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து பிசியோதெரபி. எங்கள் தெருவில் குளிப்பாட்ட வரும் பாட்டி கை காலை இழுத்து உருவிவிடுவார். பிசியோதெரபி அக்கா அதைக் கேட்டதும் பதறிவிட்டார். எலும்புக்கு வேண்டிய கால்சியமும் பாஸ்பரஸும் பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான் குழந்தைக்குப் போய்ச் சேருமாம். வயிற்றுக்குள் கர்ப்பப்பைச் சுவரை உதைத்து உதைத்தும் எலும்பு பலப்படுமாம். இவளுக்கு இரண்டுமே பாதியில் நின்றுபோனது. என்.ஐ.சி.யூ.வில் ரத்தத்தில் பாஸ்பரஸ் குறைவு என்று சிரப் கொடுத்தது ஏன் என்று அன்றுதான் புரிந்தது. சில ஆஸ்பத்திரிகளில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு தினமும் சில நிமிடம் கை காலை மெதுவாக மடக்கி நீட்டுகிறார்கள். எடையும் எலும்பும் கொஞ்சம் கூடுவதாக ஆய்வுகளில் தெரிகிறது, ஆனால் அந்தப் பலன் நீண்ட நாள் நிற்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று அக்காவே சொன்னார். அப்படி வெளிப்படையாகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அக்கா எனக்குச் சொல்லிக் கொடுத்தது இப்படி: முழங்காலுக்கு அடியில் ஒரு உள்ளங்கையை வைத்து, இன்னொரு கையால் பாதத்தைத் தாங்கி, வயிற்றுப் பக்கம் மடக்கி, மெதுவாக விட வேண்டும். கண் முழுக்கக் குழந்தையின் முகத்தில் இருக்க வேண்டும். விக்கல் வந்தாலோ, விரல்களை விறைப்பாக விரித்தாலோ, நிறம் மாறினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். பால் குடித்த கையோடு செய்யக் கூடாது. இதை வீடியோ பார்த்துச் செய்யாதீர்கள், உங்கள் பிள்ளையின் எலும்பு எப்படி இருக்கிறது என்று பார்த்தவர்களிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். பாட்டியிடம் எண்ணெய் தடவினால் போதும் என்று சொல்லிவிட்டோம். கோபித்துக்கொண்டார், பரவாயில்லை.

முழித்திருக்கும்போது பாயில் குப்புறப் போட்டு முன்னால் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைப்பேன். அந்தப் பளபளப்பைப் பார்க்கத் தலையைத் தூக்குவாள். முதலில் மூக்கு பாயில் இடிக்கும், சிணுங்குவாள். இப்போது முழங்கையை ஊன்றி டம்ளரைத் தட்டிவிடுகிறாள். சீக்கிரம் நடப்பாள் என்று அண்ணன் வாக்கர் வாங்கி வந்தார். அக்கா வேண்டவே வேண்டாம் என்றதால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

பிறந்த ஆஸ்பத்திரியில் கேட்ட கடிதம் இன்னும் கைக்கு வரவில்லை. டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே எத்தனை வாரம், பிறந்த எடை, தலைச் சுற்றளவு மூன்றும் சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதி சீல் போட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். நான் தடுப்பூசி அட்டையின் முகப்பில் '29 வாரம், 11 வாரம் கழிக்கவும்' என்று சிவப்பு மையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். போன தடவை எடை போட்டவர் அதைப் படித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தார்.