இரணைமடுப் பக்கம் ரெண்டு நாள்

பெப்ரவரி 28, 2025, வெள்ளி இரவு

புதுக்குடியிருப்பில பின்னேர பஸ் ஏறி பரந்தனில மாறி வந்து சேர இருட்டிப்போச்சு. விசுவமடு, தருமபுரம் எண்டு ரோட்டுக் கரை முழுக்கக் காலபோக நெல்லுக் காயுது. எங்கட முற்றத்திலயும் நாங்கள் மாவாக்கி விக்கிற ஒடியல் (அவிக்காமக் காயவைக்கிற பனங்கிழங்கு) காயுது, பனங்கிழங்கு சீசனில ரெண்டு நாள் விட்டிட்டு வாறது லேசில்லை, என்னோட வேலை செய்யிற பெரியக்காதான் "நீ போட்டு வா பிள்ளை, நாங்கள் பாக்கிறம்" எண்டு அனுப்பினவ. ஊருக்கு உதவவேணும் எண்டு தொழில் நடத்திற ஆக்களை ஒண்டாச் சேக்கிற கூட்டமாம். 2009க்குப் பிறகு வன்னியில பயிற்சிப் பட்டறைக்குக் குறைவில்லை, கோழி குடுத்தவை, தையல் மெசின் குடுத்தவை, செய்த சாமானை எங்க விக்கிறது எண்டு கூட இருந்து யோசிக்கத்தான் ஆளில்லாமப் போச்சு.

மார்ச் 1, சனி

மல்லாவியில முருங்கையிலைத் தூள் செய்யிற தங்கச்சி, முல்லைத்தீவுக் கரையில கருவாடு போடுற அக்கா, மாங்குளத்தில தையல் வேலைத்தளம் வைச்சிருக்கிற அண்ணை (காலில்லாத பெடியள்தான் அவரிட்ட கூட வேலை செய்யினம்). ஆளுக்கொரு கொப்பியை விரிச்சுச் செலவு, வரவு, ஆருக்கு எவ்வளவு கடன் எண்டு எல்லாம் வெளியில வைச்சம். கருவாட்டு அக்கா 2022ல மண்ணெண்ணெய் இல்லாம வள்ளமெல்லாம் கரையில கிடந்ததைச் சொல்லேக்க ஒருத்தரும் இடையில கதைக்கேல்லை.

என்ர முறை வந்திது. என்னோட வேலை செய்யிற பொம்பிளையள் எல்லாரும் குடும்பத்தைத் தனியச் சுமக்கிற ஆக்கள். இடிக்க அரிக்க மெசின் போட்டா ரெண்டு பேர் காணுமே எண்டுதான் எங்க போனாலும் சொல்லுவினம், நானும் ஒவ்வொரு முறையும் விளங்கப்படுத்திக் களைச்சிட்டன். மாங்குளம் அண்ணை கேட்டது வேற. "மெசினைப் போடுங்கோ, அவையளை வேற எந்த வேலைக்கு மாத்தலாம்?" எனக்குக் கண் கலங்கிப்போச்சு. இவ்வளவு காலமும் இந்தக் கேள்வியைத்தான் தேடித் திரிஞ்சிருக்கிறன் போல.

இரவு வெளியில பாய் போட்டிருந்து நுண்கடன் கதை. 2018ல வறட்சி மாவட்டங்களில பொம்பிளையளின்ர கடனை ஒரு லட்சம் வரைக்கும் அரசாங்கம் தள்ளுபடி செய்தது, அதுக்குப் பிறகும் கிழமைக்குக் கிழமை கட்டிக்கொண்டிருக்கிறவையை எங்களுக்குத் தெரியும். சீசன் தொடங்க முதலே கூலியில ஒரு பங்கைக் குடுத்தா அவை கடனுக்குப் போகத் தேவையில்லை எண்டது தங்கச்சியின்ர யோசினை, நான் அதைச் செய்யத்தான் போறன்.

மார்ச் 2, ஞாயிறு

மத்தியானம் என்ர மாவில ஒடியல் கூழ், கருவாட்டு அக்கா கொண்டந்த நண்டும் றாலும் போட்டு, பனையோலைப் பிளாவில. மாவை ஊறப்போட்டுத் தண்ணியை மாத்தி மாத்தி ஊத்தி, பிறகு இறுக்கிப் பிழிஞ்செடுத்தம், இல்லாட்டி அந்தக் கைப்புப் போகாது, அப்பிடியே போட்டா உடம்புக்கும் கூடாது. பாத்துக்கொண்டு நிண்ட தங்கச்சி சொன்னா, "அக்கா, கொழும்பில வாங்கிற பிள்ளையளுக்கு இது தெரியாது, பக்கெட்டில எழுதுங்கோ" எண்டு. அங்கயே ஒரு தாளில எழுதினம்.

பக்கெட்டும் லேபலும் சேந்து வாங்கிறது, கொழும்புக்கு ஒரே லொறியில ஏத்துறது எண்டு முடிவு. எல்லாத்துக்கும் ஒரே பேர் போடுவம் எண்டும் கதை வந்திது, நான் மறுத்திட்டன், ஒருத்தரின்ர சாமான் பிழைச்சா எல்லாற்ற தலையிலயும் விழும். அதுக்காக ஒருத்தரும் முகத்தைத் தூக்கேல்லை.

மார்ச் 5, புதன்

வட்சப்பில இரவு பகலாக் கதை, லேபலுக்கு ரெண்டு அச்சகத்தில விலை கேட்டாச்சு. பெரியக்காட்ட மெசின் கதையைச் சொன்னன். கொஞ்சநேரம் ஒண்டும் பேசாம ஒடியலைக் கிளறிக்கொண்டு நிண்டவ, பிறகு கேட்டா, "அப்ப பக்கெட் போடுறது, லேபல் ஒட்டுறது ஆர்? எனக்குக் கண் தெரியாது, அதை இளம் பிள்ளையளிட்டக் குடு, நான் கிழங்கு பாத்து வாங்கப் போறன்."

சனிக்கிழமை மாங்குளம் அண்ணை வாறார். எல்லாரையும் வைச்சுத்தான் கதைக்கிறது, நல்ல கிழங்கு எது எண்டு பெரியக்காவை விடத் தெரிஞ்ச ஆள் எங்கட பக்கத்தில இல்லை.