ஓசூர்ப் பக்கம் வீட்டிலிருந்தே மொழிபெயர்க்கிறவர்களுக்கு

கூலியை மூல ஆவணத்தின் சொற்கணக்கில் பேசுங்கள். தமிழில் வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் 1,000 சொல் தமிழில் 700, 750 ஆகச் சுருங்கிவிடும். தமிழ்ச் சொல்லை எண்ணிக் காசு வாங்கினால் நஷ்டம் நமக்குத்தான்.

இங்கே அதிகம் வருவது கர்நாடகத்து ஆனேக்கல் பக்கத்துக் கன்னட நிலப் பத்திரங்கள். அதில் நில அளவு குண்டே கணக்கு: 40 குண்டே ஒரு ஏக்கர், அதாவது ஒரு குண்டே இரண்டரை சென்ட். மொழிபெயர்ப்பில் குண்டேயை அப்படியே வையுங்கள், சென்ட் அளவை அடைப்புக்குறிக்குள் போடுங்கள். மாற்றி மட்டும் எழுதினால் மூலப் பத்திரத்தோடு ஒப்பிடுகிறவர் திருப்பி அனுப்பிவிடுவார், நியாயம்தான். சர்வே எண்ணில் 45/2 என்பதை 45-2 ஆக்கிவிடாதீர்கள். முடித்த பிறகு எண்களை மட்டும் தனியாக ஒருமுறை சரிபாருங்கள்.

மொபைல் செயலியில் வரும் வரிகளை மொழிபெயர்ப்பதில் தொல்லை வேறு. ஆளின் பெயரைச் செயலியே நிரப்பிக்கொள்ளும் இடத்துக்குப் பின்னால் 'க்கு' ஒட்டினால் 'குமார்க்கு', 'கீதாக்கு' என்று அசிங்கமாக நிற்கும். பெயரில் உருபே ஒட்டாதபடி வாக்கியத்தை மாற்றுங்கள்: 'பெறுபவர்:' என்று போட்டுப் பெயரை விடுங்கள். பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் கோப்பு வந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, பிறகு விலை சொல்லுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்குப் பகல் முழுக்கக் கரண்ட் போகும். இன்வெர்ட்டரில் 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி இருந்தால் லேப்டாப், ரவுட்டர், ஒரு ஃபேன் மூன்றையும் சுமார் ஏழெட்டு மணி நேரம் தாங்கும். பேட்டரி பழசானால் அதில் பாதிதான்.